வெறுங்கையோடு இரண்டு நாள்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரை படித்திருக்கிறேன், எங்கள் குழுவில் தீர்மான நோட்டு எழுதுவது நான்தான். அதனால் இதையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து படிக்கிறேன். ஆடு வளர்ப்பு, ஊறுகாய், தையல் யூனிட் பற்றியெல்லாம் மற்ற அக்காமார் பேசிட்டாங்க. என்னைக் கராத்தே முகாமுக்குப் போன கதையைப் பேசச் சொல்லி இருக்காங்க. சிரிக்கிறவங்க சிரிச்சிடுங்க, பரவாயில்லை. எங்க தெருவில் ஏற்கனவே நிறைய சிரிச்சு முடிச்சாச்சு.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லணும். நம்ம ஊர்ப் பிள்ளைகள் நூல் மில்லுக்கு வேலைக்குப் போறது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது ஷிப்ட் முடிஞ்சு பஸ் மெயின் ரோட்டில் இறக்கி விடும்போது ராத்திரி 11.30 ஆகும். அங்கிருந்து ஊருக்குள் வர ஒன்றரை கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சீமைக் கருவேல மரம்தான். போன வருஷம் தை மாசம், எங்கள் குழு அக்கா ஒருத்தரோட மகளை பைக்கில் இரண்டு பேர் தொடர்ந்து வந்திருக்காங்க. முதல் நாள் பேசாமல் வந்தாங்க. இரண்டாம் நாள் பேச்சுக் கொடுத்தாங்க. மூன்றாம் நாள் ஒருத்தன் ஷாலைப் பிடிச்சு இழுத்துட்டான். பிள்ளை ஷாலை விட்டுட்டு ஓடி வந்து வீட்டுத் திண்ணையில் விழுந்தது.

அடுத்த நாள் அந்த வீட்டில் என்ன முடிவு எடுத்தாங்க தெரியுமா? வேலையை நிறுத்து, மாப்பிள்ளை பாரு. பிள்ளைக்கு 19 வயசு. அது சம்பளத்தில்தான் அம்மா கூரை மாத்தினதுக்கு வாங்கின 40,000 ரூபாய் குழுக் கடனைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. தொட்டவன் பைக்கில் சுத்திக்கிட்டு இருக்கான், தொடப்பட்டவள் வீட்டுக்குள்ள உட்காரணும். இந்த ஏற்பாடு எனக்கு அன்றைக்கும் பிடிக்கலை, இன்றைக்கும் பிடிக்கலை.

அந்த மாசக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் எல்லாம் முடிஞ்ச பிறகு இதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். போலீஸில் சொல்லலாம் என்றார்கள் சிலர், பேர் கெட்டுவிடும் என்றார்கள் சிலர். அப்பத்தான் டவுனில் மகளைக் கராத்தே வகுப்புக்கு அனுப்புற ஒரு அக்கா சொன்னாங்க, சென்னையிலிருந்து பெரிய மாஸ்டர் வந்து இரண்டு நாள் முகாம் நடத்துறாராம், புதுசா வர்ற பொம்பளைகளையும் சேர்த்துக்கிறாங்களாம் என்று. சாப்பாட்டோடு ஆளுக்கு 250 ரூபாய். குழுவில் பாதி, கையில் இருந்து பாதி என்று தீர்மானம் போட்டு, 11 பேர் கிளம்பினோம். எட்டுப் பேர் பொம்பளைகள், மூணு பேர் வயசுப் பிள்ளைகள். அந்த மில் பிள்ளையும் வந்துச்சு.

வீட்டில் சொன்னதும் என் மாமியார், "காலைத் தூக்கி உதைக்கிற வயசாடி இது?" என்றார். என் வீட்டுக்காரர் எதுவும் பேசவில்லை, பஸ்ஸுக்கு 100 ரூபாய் எடுத்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டுப் போனார். அது சம்மதமா கோபமா என்று எனக்கு இன்னும் தெரியாது. டீக்கடைப் பக்கம் போகும்போது "ஜாக்கி சான் வருது" என்று ஒரு சத்தம். ஜாக்கி சான் செய்வது சீனாக்காரர்களின் குங்ஃபூ, கராத்தே ஜப்பான்காரர்களுடையது என்று முகாமில் சொல்லிக் கொடுத்தார்கள். திரும்பி வந்து டீக்கடையில் அதைச் சொல்லிட்டேன்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உள்ளே போனால் எங்கும் வெள்ளை வெளேர் என்று பிள்ளைகள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, இடுப்பில் மஞ்சள், பச்சை, நீலம், பழுப்பு என்று பெல்ட். நாங்கள் 11 பேர் மட்டும் சுடிதாரில், கல்யாண வீட்டுக்குத் தப்பான நாளில் வந்த ஆட்கள் மாதிரி நின்றோம். வரிசையில் பெல்ட்டுப்படி நிற்க வைப்பார்கள். பெரிய பெல்ட் வலது கோடி, ஒன்றும் தெரியாதவர் இடது கோடி. எனக்குப் பக்கத்தில் நின்றது ஏழு வயசுப் பிள்ளை, மஞ்சள் பெல்ட். "ஆன்ட்டி, கட்டை விரலை உள்ளே வெச்சு மூடாதீங்க, குத்தினா உடைஞ்சிரும்" என்று என் கையைப் பிரித்து அதுதான் சரி பண்ணியது. நாலு விரலையும் இறுக்கி மடக்கி, கட்டை விரலை வெளியே ஆள்காட்டி விரல், நடு விரல் மேல் படுக்க வைக்கணும். அடி படுவது அந்த இரண்டு விரலின் முட்டியில். மணிக்கட்டு வளையக் கூடாது. இரண்டு நாளில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அந்தப் பிள்ளையிடம்தான்.

மாஸ்டருக்கு 60 வயசு இருக்கும். ஒல்லியான ஆள், தலை நரைத்தவர். நான் சினிமாவில் பார்த்த மாதிரி முறுக்கிக்கொண்டு ஒருத்தர் வருவார் என்று நினைத்தேன். இவர் வந்ததும் முதலில் கேட்டது, "ஆபரேஷன் ஆனவங்க, பிரஷர் இருக்கிறவங்க, மூட்டு வலி உள்ளவங்க கை தூக்குங்க" என்றுதான். எங்களில் ஆறு பேர் கை தூக்கினோம். எனக்கு இரண்டு பிரசவமும் ஆபரேஷன். எங்களோடு வந்த ஒரு அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்து மூணு மாசம்தான் ஆகியிருந்தது. அவரைத் திருப்பி அனுப்பவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்து, எண்ணிக்கை சொல்லும் வேலையைக் கொடுத்தார். கராத்தேயில் ஜப்பான் மொழியில்தான் எண்ணுகிறார்கள். இச்சி, நி, சான், ஷி, கோ, ரொகு, சிச்சி, ஹச்சி, கு, ஜூ. அக்கா உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு, நூறு நாள் வேலையில் பேர் கூப்பிடுகிற மாதிரி கணீர் என்று எண்ணினார். சாயங்காலத்துக்குள் மண்டபமே அவர் எண்ணிக்கைக்குத்தான் ஆடியது.

கராத்தே என்றால் வெறுங்கை என்று அர்த்தமாம். ஒகினாவா என்ற தீவில் பிறந்தது. அங்கிருந்து ஜப்பானின் பெரிய ஊர்களுக்கு அதைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் புனகோஷி. 1922-இல் டோக்கியோவில் முதன்முதலாகச் செய்து காட்டினாராம். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்று மாஸ்டர் சொன்னதும் எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. சண்டைக்காரர் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். வாத்தியார் கைபட்டதால்தான் வணக்கம் சொல்லி ஆரம்பித்து, வணக்கம் சொல்லி முடிக்கிறார்கள் போல. நாமாக முதலில் கை ஓங்கக் கூடாது என்பதும் அவர் வைத்த விதியாம்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். நிற்பதில் இருந்துதான் ஆரம்பம். காலை அகட்டி, முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்துக் குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். கிபா தாச்சி என்று பேர். டவுன் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் "ஆ ஊ" என்றன. நம்ம ஆட்கள் அசையவில்லை. களை வெட்டின கால், நாற்று நட்ட இடுப்பு. மாஸ்டர் எங்கள் முன்னால் வந்து நின்று, "இவங்க எத்தனை வருஷம் பயிற்சி?" என்று டவுன் மாஸ்டரிடம் கேட்டார். பின்னாடி இருந்த அக்கா, "பொறந்ததுல இருந்து சார்" என்றார்.

குத்துவதுதான் எங்களுக்கு வரவில்லை. கையை மட்டும் நீட்டினோம். பலம் கையில் கிடையாது, இடுப்பில் இருக்கிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு கை முன்னால் போகும்போது இன்னொரு கை அதே வேகத்தில் பின்னால் இடுப்புக்கு வரணும். எத்தனை தடவை சொன்னாலும் ஒரு கை போனது, மற்றது சும்மா தொங்கியது. அப்போது அவர், "மத்து போட்டு மோர் கடைஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கயிற்றில் ஒரு கையை இழுக்கும்போது இன்னொரு கை தானாக முன்னால் போகிறது இல்லையா, அதேதான். எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மகள்களுக்குப் புரியவில்லை, அவர்கள் மிக்ஸியில் கடைகிறவர்கள். அனுபவப்பட்ட வாத்தியார் என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அவருக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை. எங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று தேடினார். ஒருத்தரிடம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். எனக்கு முதல் நாள் முழுக்கச் சொன்னது "தோளை இறக்குங்க" என்ற இரண்டு வார்த்தை.

அடுத்தது சத்தம். இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்லணும்.

குத்தின் கடைசியில் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட வேண்டும். கியாய் என்கிறார்கள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மண்டபக் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் முறை வந்தது. ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லை. சிரிப்பு வந்தது, வெட்கம் வந்தது, சத்தம் வரவில்லை. "ஏய்" என்று ஏதோ பூனைக்குட்டி மாதிரி வந்தது. யோசித்துப் பாருங்கள். வயசுக்கு வந்த நாளில் இருந்து என்ன கேட்டு வளர்ந்தோம்? சத்தமாச் சிரிக்காதே. அடுத்த வீட்டுக்குக் கேக்குது, மெதுவாப் பேசு. பிரசவ வலியில்கூட "கத்தாதே" என்று அதட்டு வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் தெரியும். முப்பது வருஷம் அமுக்கி வைத்த குரல், ஒருத்தர் "போடுங்க" என்றதும் வந்துவிடுமா?

மாஸ்டர் கோபப்படவில்லை. "உங்கள்ல தோட்டம் காட்டுக் காவலுக்குப் போறவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார். எங்களில் ஒரு அக்கா நிலக்கடலைக் காட்டில் மயில் விரட்டுகிறவர். முன்னால் கூப்பிட்டு, "மயில் வந்திருச்சு, விரட்டுங்க" என்றார். அக்கா ஒரு தரம் எங்களைத் திரும்பிப் பார்த்தார், முந்தானை இல்லாத இடுப்பில் கையை வைத்தார், வைத்துப் போட்டார் பாருங்க ஒரு சத்தம்! வாசலில் செருப்புக்குக் காவல் இருந்த தாத்தா உள்ளே ஓடி வந்துவிட்டார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். அதுக்கு அப்புறம் எங்களுக்கும் வந்தது. நான் போட்ட சத்தம் என் காதுக்கே புதுசாக இருந்தது. யாரோ வேற ஆள் என்று நினைத்தேன். அந்த மில் பிள்ளை மட்டும் கடைசி வரை போடவில்லை. தொண்டையில் கை வைத்துக்கொண்டு நின்றது. மாஸ்டர் அதைப் பார்த்தார், வற்புறுத்தவில்லை. மறுநாள் மத்தியானம், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், ஒரு குத்தோடு சேர்ந்து அதுக்கு வந்துவிட்டது. சத்தம் போட்டதும் அழுதது. அழுதுகொண்டே அடுத்த குத்தும் குத்தியது. அவங்க அம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார், அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலையில் மாஸ்டர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிட்டார். "இரண்டு நாளில் யாரும் சண்டைக்காரர் ஆக முடியாது. அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது தப்பிச்சு ஓடுறதுக்கு." கறுப்பு பெல்ட் வாங்க வருஷக்கணக்கில் உழைக்க வேண்டுமாம். அவர் வகுப்புப் பிள்ளைகள் ஹெயான் ஷோடான் என்று ஒரு கட்டா செய்து காட்டினார்கள். கட்டா என்றால் எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு தனியாகச் செய்கிற வரிசை. அதில் 21 அசைவு. அதை ஒழுங்காகச் செய்யவே மாசக்கணக்கில் ஆகும் என்றார். எங்களை அதில் இழுக்கவில்லை.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இவைதான். யாராவது பின்னால் வருகிறான் என்று தோன்றினால் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடக்காமல் நின்று திரும்பி முகத்தைப் பார்க்கணும். இரண்டு கை தூரம் வைத்துக்கொள்ளணும். மணிக்கட்டைப் பிடித்தால் நேர் பின்னால் இழுக்கக் கூடாது, பிடித்தவனின் கட்டை விரலும் மற்ற விரலும் சேர்கிற இடைவெளிப் பக்கமாகத் திருப்பி உருவணும். அந்த இடம்தான் பிடியில் பலம் இல்லாத இடம். என் கையை 80 கிலோ ஆள் ஒருத்தர் பிடித்தார், உருவி விட்டேன். புதுசாகக் கற்றவர்கள் முஷ்டியால் குத்தினால் நம்ம விரல்தான் வீங்கும், அதனால் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மூக்கு, தாடைப் பக்கம் தள்ளி அடிக்கச் சொன்னார். பக்கத்தில் வந்துவிட்டால் முழங்கை, முட்டி, குதிகால். அடித்ததும் நின்று பார்க்கக் கூடாது, ஓடணும். ஷாலைக் கழுத்தில் சுற்றிப் போடாமல், ஒரு பக்கத் தோளில் ஒரே ஒரு பின் குத்தினால் இழுத்தால் கழன்று வந்துவிடும். அந்தப் பிள்ளை ஷாலை விட்டு ஓடியதைக் கேட்டுவிட்டு, "நீ சரியாத்தான் செஞ்சிருக்கே" என்று எல்லோர் முன்னாடியும் சொன்னார். ஊரில் அதுவரை யாரும் அதுக்கு அப்படிச் சொல்லவில்லை.

அன்றைக்கு ஒரு வக்கீல் அம்மாவும் வந்து அரை மணி நேரம் பேசினார். தன் உடம்பைக் காத்துக்கொள்ள அடித்தால் சட்டப்படி அது குற்றம் இல்லை. 2024 ஜூலை 1-இல் இருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34-லிருந்து 44 வரை உள்ள பிரிவுகள் அதைச் சொல்கின்றன. ஆனால் தப்பிக்கத் தேவையான அளவுக்குத்தான். ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால் அது வேறு கணக்கு. நான் நோட்டில் எழுதிக்கொண்ட நம்பர்கள் இவை: பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112.

கேள்வி கேட்கும் நேரத்தில் வேற ஊர் அக்கா ஒருத்தர் எழுந்தார். "சார், ரோட்டுல வர்றவனுக்கு இதெல்லாம் சரி. வீட்டுக்குள்ள கை நீட்டுறவருக்கு என்ன செய்யறது?" என்றார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மாஸ்டர் நின்றுகொண்டிருந்தவர் கீழே தரையில் உட்கார்ந்தார். "அம்மா, இதுக்கும் ஒரு பிடி சொல்லிக் கொடுத்துக் கைதட்டு வாங்கிட்டுப் போயிடலாம். நான் அதைச் செய்ய மாட்டேன். ரோட்டுல பிடியை உருவினா ஓட வீடு இருக்கு. வீட்டுக்குள்ள உருவினா எங்க ஓடுறதுன்னு முதல்ல பேசி வைக்கணும். அது எனக்குத் தெரிஞ்ச வித்தை இல்ல" என்றார்.

வக்கீல் அம்மா மீதியைச் சொன்னார். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அடித்தால் மட்டும் இல்லை, கேவலமாகப் பேசினாலும், செலவுக்குக் கொடுக்காமல் வதைத்தாலும் அதில் வரும். மனைவி மட்டும் இல்லை, அதே வீட்டில் இருக்கும் அம்மா, சகோதரிகூட மனு கொடுக்கலாம். வீடு யார் பேரில் இருந்தாலும், வாழ்ந்த வீட்டில் இருக்க அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு, சட்டம் சொல்கிற வழி இல்லாமல் வெளியே தள்ள முடியாது. இது எனக்கு அன்றைக்கு வரை தெரியாது. உங்களில் பலருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன், அதனால்தான் முகாமை விட்டு விலகி இதைச் சொல்கிறேன்.

என் எண்ணத்தைச் சொன்னால், அந்த இரண்டு நாளில் கேட்டதிலேயே பெரிய கேள்வி அதுதான். அதற்கு பதில் கராத்தேயில் இல்லை, குழுவில்தான் இருக்கிறது. திரும்பி வந்து எங்கள் குழுவில் நாலு வீடு பேசி வைத்திருக்கிறோம். எந்த ராத்திரி தட்டினாலும் திறக்கிற வீடு. எந்த வீடுகள் என்று இந்த மேடையில் சொல்ல மாட்டேன், தேவைப்படுகிறவர்கள் என்னிடம் தனியாகக் கேளுங்கள்.

திங்கட்கிழமை எழுந்தபோது உடம்பில் எனக்கு இருப்பதே தெரியாத இடமெல்லாம் வலித்தது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் வேப்பெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு நாள் கழித்து, "அந்தக் கையை உருவுறது எப்படிடி?" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். 68 வயசில் நன்றாகவே உருவுகிறார்.

இப்போது டவுனில் இருந்து பழுப்பு பெல்ட் வாங்கிய ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் வந்து சொல்லிக் கொடுக்கிறார். நம்ம கூட்டமைப்புக் கட்டட வாசலில்தான் நடக்கிறது. 14 பொம்பளைகள், 23 பிள்ளைகள் வருகிறோம். மில் பிள்ளை வேலையை விடவில்லை. கல்யாணப் பேச்சு இரண்டு வருஷம் தள்ளிப் போயிருக்கிறது. அம்மா கடனில் இன்னும் ஆறு தவணைதான் பாக்கி. இரண்டாவது ஷிப்ட் பிள்ளைகள் ஆறு பேரும் ஒன்றாக இறங்கி ஒன்றாக நடக்கிறார்கள், குழுவில் முறை வைத்து இரண்டு பேர் டார்ச்சோடு மெயின் ரோடு வரை போகிறோம். பைக்காரர்கள் ஒரு தடவை வந்தார்கள். மயில் விரட்டுகிற அக்காவின் முறை அன்றைக்கு. அதற்குப் பிறகு அவர்களைப் பார்க்கவில்லை.

தெரு விளக்கு மட்டும் சரியாகவில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுதிக் கொடுத்து, தீர்மான நோட்டில் ஏறிவிட்டதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மூணு கம்பத்தில் ஒன்று எரிகிறது. மற்ற இரண்டுக்கும் அடுத்த கிராம சபையில் மறுபடி கேட்போம், எல்லாக் குழுவும் வந்து கேட்டால் நல்லது.

கூட்டமைப்பிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். வகுப்புக்கு வரும் மேடத்துக்கு பெட்ரோல், சம்பளம் சேர்த்து மாசம் 1,500 ரூபாய் ஆகிறது. இப்போது ஆளுக்கு 40 ரூபாய் போட்டுக் கொடுக்கிறோம், போட முடியாத பிள்ளைகள் நின்றுவிடுகின்றன. கூட்டமைப்பு நிதியில் இருந்து பாதியாவது கொடுக்கத் தீர்மானம் போட வேண்டும். கிழக்குக் காலனிப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. அங்கே அங்கன்வாடி வாசலில் இரண்டாவது வகுப்பு வைக்க அனுமதி வாங்கித் தர வேண்டும்.

வர விருப்பம் உள்ளவர்கள் ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு வாங்க. சுடிதார் இல்லாதவர்கள் பாவாடை மேல் பழைய நைட்டி போட்டுக்கொண்டாலும் போதும். காலுக்குச் செருப்பு வேண்டாம். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வரவும், ஏற்கனவே இரண்டு பேருக்கு உடைந்து கையைக் கிழித்திருக்கிறது.